‘திருந்திவிட்டார் என்று இரண்டு வரி’: சிறை ஆலோசகர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: முதுகலை உளவியல் படித்துவிட்டு மத்திய சிறை ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சேர்ந்து ஓராண்டு கூட ஆகவில்லை. நிலத் தகராறில் பங்காளியைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர், 16 ஆண்டுகளாக உள்ளே இருக்கிறார். சில மாதங்களாக வாரம் ஒருமுறை என்னிடம் வந்து பேசுகிறார். இப்போது அவருடைய முன்விடுதலைக் கோப்பு நகரத் தொடங்கியிருக்கிறது. கண்காணிப்பாளர் என்னை அழைத்து, “நீங்கள்தானே அவரிடம் பேசுகிறீர்கள்? ‘திருந்திவிட்டார், இனிக் குற்றம் செய்யமாட்டார்’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்களம்மா” என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் சென்ற மாதம் அந்தக் கைதி என்னிடம், “அந்த நிலத்தை அவன் மகன் உழுகிறான் என்று கேள்விப்பட்டால் இன்னும் ரத்தம் கொதிக்கிறது மேடம்” என்று சொன்னார். இதை எழுதினால் அவருடைய விடுதலை போய்விடும். எழுதாமல் விட்டு, நாளை ஏதாவது நடந்துவிட்டால்? ஏதாவது ஒரு டெஸ்ட் வைத்துப் பார்த்துவிடலாமா?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த வாரம் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கண்காணிப்பாளரிடம் போய், “ஐயா, என்ன தேவை என்று ஒரு குறிப்பாக எழுதி அனுப்புங்கள், அதற்குத் தகுந்தாற்போல் முறையாகத் தருகிறேன்” என்று பணிவாகச் சொல்லுங்கள். வாயால் கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுத்தால், கோப்பில் உங்கள் பதில் மட்டும்தான் இருக்கும், கேள்வி இருக்காது. மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பைப் பிரிப்பவருக்கு, யாரும் கேட்காமலேயே நீங்களாக ஒரு உத்தரவாதம் கொடுத்தது போலத் தெரியும்.

நம் நிர்வாகத்துக்கு ஒருவரிச் சான்றிதழ்கள் மேல் தீராத ஆசை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 103-ஆவது பிரிவைப் படித்திருக்கிறீர்களா? சிறையில் மனநோய் உள்ள கைதிகள் யாரும் இல்லை என்று சிறை மருத்துவ அலுவலர் காலாண்டுக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டுமாம். பெங்களூரு மத்திய சிறையில் 5,024 கைதிகளைப் பரிசோதித்து 2011-இல் வெளியான ஆய்வில், போதைப் பழக்கத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே 27.6 சதவீதம் பேருக்கு மனநோய் இருந்தது. இந்த லட்சணத்தில் ‘யாரும் இல்லை’ என்று சான்றளிக்கச் சொல்கிறது சட்டம். உங்களிடம் கேட்கப்பட்ட இரண்டு வரியும் இதே ரகம்தான்.

இப்போது உங்களைத் தூங்கவிடாத அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். ‘ரத்தம் கொதிக்கிறது’ என்பது மிரட்டல் அல்ல. 16 ஆண்டு உள்ளே கிடந்தவர், தகராறுக்குக் காரணமான நிலத்தில் எதிர்த்தரப்பு ஏர் ஓட்டுகிறது என்று கேட்டுக் கோபப்படுகிறார். அந்தக் கோபத்தைக் கொண்டுவந்து கொட்டுவதற்குத்தான் உங்கள் அறை இருக்கிறது. ஆனால் மிரட்டல் இல்லை என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று அவர் சொன்னதும் நீங்கள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தின் போக்கிலிருந்து ஊகிக்கிறேன். புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்வார்கள். கேட்டால் கிளறிவிட்டதாகிவிடும் என்று பயம்.

நேராகக் கேளுங்கள். அந்தப் பையனை எதிரில் பார்த்தால் என்ன செய்வீர்கள்? அவனை ஏதாவது செய்துவிட வேண்டும் என்று யோசித்ததுண்டா? எப்போது, எப்படி என்று மனத்தில் ஓட்டிப் பார்த்ததுண்டா? வெளியே இதைப் பற்றி யாரிடமாவது பேசியிருக்கிறீர்களா? ஆள், வழி, நேரம் என்று பதில் ஒரு திட்டமாக உருண்டு திரண்டு வந்தால், அது வேறு விவகாரம். அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, சிகிச்சையில் இருப்பவரின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. பிறரைத் தீங்கிலிருந்து காப்பாற்ற வேண்டிய நிலையில் தேவையான அளவுக்கு மட்டும் வெளியிடலாம் என்று விதிவிலக்கும் தருகிறது. அப்போது நீங்கள் முன்விடுதலை அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றே சொல்ல வேண்டும். திட்டம் எதுவும் இல்லை, வெறும் கொதிப்புதான் என்றால், அந்த வாக்கியம் அந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

கொதிப்பைவிட உபயோகமான கேள்வி ஒன்று இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்தி வைப்பு விதிகளின்படி அவர் சாதாரண விடுப்பிலோ அவசர விடுப்பிலோ ஊருக்குப் போய் வந்திருப்பார். வழிக்காவலுடன் போனாரா, இல்லாமல் போனாரா? ஊரில் அந்தப் பையனைப் பார்த்தாரா? பார்த்தபோது என்ன நடந்தது? டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தார் என்றால், அது நீங்கள் வைக்கும் எந்த டெஸ்ட்டும் சொல்லாத செய்தி.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று. அவருக்கு ஆலோசகராக இருந்துகொண்டே அவரைப் பற்றி மதிப்பீட்டு அறிக்கையும் எழுதலாமா? ஸ்டூவர்ட் கிரீன்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் டேனியல் ஷுமன் என்ற சட்டப் பேராசிரியரும் 1997-இல் எழுதிய ஒரு கட்டுரையில், சிகிச்சையளிப்பவரும் நீதிமன்றத்துக்காக மதிப்பிடுபவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது என்று வாதிட்டார்கள். சிகிச்சையாளர் நம்பிக் கேட்கிறார், மதிப்பிடுபவர் சந்தேகப்பட்டுச் சரிபார்க்கிறார். ஒருவருக்கு அந்த மனிதரின் நலன் முதன்மை; மற்றவருக்கு முடிவெடுக்கும் அமைப்புக்குச் சரியான தகவல் தருவது முதன்மை. சிறைக்குள் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. அவர் உங்களிடம் சொன்னது அறிக்கையில் ஏறியது என்று ஒரு தொகுதியில் காலையில் தெரிந்தால், மாலைக்குள் எல்லாத் தொகுதிக்கும் தெரிந்துவிடும். பிறகு உங்கள் முன் வந்து உட்காருகிற ஒவ்வொருவரும் பக்திப் பழமாகத்தான் பேசுவார்கள். தூக்கு மாட்டிக்கொள்ளலாமா என்று யோசிக்கிற புதுக் கைதி மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

எனவே கண்காணிப்பாளரிடம் முதலில் கேட்க வேண்டியது: “நான் இவருக்கு ஆலோசனை வழங்கிவருகிறேன். மதிப்பீட்டை வேறொருவர் செய்ய ஏற்பாடு செய்ய முடியுமா?” அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையிலிருந்து ஒருவரை வரவழைக்கலாம். ‘அதெல்லாம் நடக்கிற காரியமா’ என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. இந்திய நீதி அறிக்கை 2025 தரும் கணக்கின்படி, நாடு முழுவதும் சுமார் 5.7 லட்சம் கைதிகளுக்கு உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து 25 பேர்தான். அமெரிக்கக் கட்டுரையில் உள்ள தூய்மை நமக்குக் கட்டுப்படியாகாது. ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே எழுத நேரிடும். அப்போது செய்ய வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன்.

‘இனிக் குற்றம் செய்யமாட்டார்’ என்று ஏன் எழுதக் கூடாது? அது யாருக்கும் தெரியாது என்பதால்தான். இந்தத் துறையின் வரலாற்றில் பாதி, தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னவர்களின் கதை. அமெரிக்காவில் ஜானி பாக்ஸ்ட்ராம் என்பவரைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் ‘ஆபத்தானவர்’ என்று குற்றவாளிகளுக்கான மனநோய் மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள். 1966-இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்ததும், நியூயார்க் மாகாணம் அதே நிலையிலிருந்த 900-க்கும் மேற்பட்டோரைச் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. எல்லோரும் மருத்துவர்களால் ‘ஆபத்தானவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். ஊழியர்கள் நடுங்கினார்கள். நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, மீண்டும் கடும் பாதுகாப்புக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் மிகச் சிலரே. ஜான் மோனஹன் என்ற உளவியலாளர் 1981-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ‘இவர் வன்முறையில் இறங்குவார்’ என்று நிபுணர்கள் சொன்னவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேல் சரியாக இருக்கவில்லை என்றார்.

இது தெரிந்த பிறகும் டெக்சாஸில் நடந்ததைப் பாருங்கள். தாமஸ் பேர்ஃபுட் என்பவரின் கொலை வழக்கில் ஜேம்ஸ் கிரிக்சன் என்ற மனநல மருத்துவர் சாட்சி சொன்னார். குற்றவாளியை அவர் நேரில் பார்த்துப் பேசவே இல்லை. வழக்கறிஞர் அடுக்கிய கற்பனைக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர் மீண்டும் வன்முறை செய்வது நூற்றுக்கு நூறு உறுதி என்றார். இப்படிப்பட்ட கணிப்புகள் மூன்றில் இரண்டு தவறாகின்றன என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமே உச்ச நீதிமன்றத்தில் மனு கொடுத்தது. 1983-இல் நீதிமன்றம் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு பேர்ஃபுட்டுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. கிரிக்சனைச் சங்கம் 1995-இல் நீக்கியது. உங்களிடம் கேட்கப்படுவது ஒருவரை விடுவிப்பதற்கான வரி, கிரிக்சன் கொடுத்தது சாகடிப்பதற்கான வரி. நோக்கம் நேரெதிர் என்றாலும், ஒரு மனிதனின் வருங்காலத்துக்கு உறுதிமொழி எழுதிக் கையெழுத்திடும் செயல் ஒன்றுதான்.

டெஸ்ட் வைக்கலாமா என்று கேட்டீர்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். நீண்ட காலம் சிறையில் இருந்து, வயதும் ஏறி வெளியே வரும் கொலைக் கைதிகள் மீண்டும் பெருங்குற்றம் செய்வது அரிது. கலிஃபோர்னியாவில் 1995 முதல் பரோலில் விடப்பட்ட 860 கொலைக் குற்றவாளிகளில் புதிய பெருங்குற்றத்துக்காகச் சிறைக்குத் திரும்பியவர்கள் 5 பேர்தான் என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2011-இல் எழுதினார்கள். நம் ஊர் நிலவரம் அதைவிட மோசம் என்றே வைத்துக்கொண்டு, நூறு பேரில் 5 பேர் மீண்டும் தவறு செய்வார்கள் என்று கொள்வோம். உங்களிடம் பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொல்லும் அருமையான டெஸ்ட் இருக்கிறது. அது அந்த 5 பேரில் 4 பேரைப் பிடிக்கும். ஒன்றும் செய்யப்போகாத 95 பேரில் 19 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக 23 பேரை ‘ஆபத்து’ என்று எழுதுவீர்கள், அதில் 19 பேர் அப்பாவிகள். கண்ணை மூடிக்கொண்டு நூறு பேருக்கும் ‘செய்யமாட்டார்’ என்று எழுதுகிற குமாஸ்தா 95 சதவீதம் சரியாக இருப்பார். உளவியல் படித்தவரின் சாதனை அவரிடம் தோற்றுவிடும்!

அதற்காகக் கருவிகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. வன்முறை அபாயத்தை மதிப்பிடக் கனடாவில் உருவான எச்.சி.ஆர்-20 என்ற வழிகாட்டியில் 20 அம்சங்கள்: பத்து கடந்த காலம், ஐந்து இன்றைய மனநிலை, ஐந்து வெளியே போனால் எதிர்ப்படும் சூழல். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி ஐந்துதான். முறையான பயிற்சி பெற்றிருந்தால், மதிப்பெண் போடுவதற்காக இல்லாமல் எதையும் விட்டுவிடாமல் யோசிப்பதற்காகப் பயன்படுத்துங்கள். ஒருவர் ‘சைக்கோபாத்’தா (இரக்கமும் குற்றவுணர்வும் அற்றவரா) என்று மதிப்பெண் போடும் ராபர்ட் ஹேரின் பட்டியலைத் தொடாதீர்கள். வட அமெரிக்கக் கைதிகளை வைத்து வரையறுத்த 30 என்ற எல்லை மதிப்பெண்ணை நம்மூர் விவசாயி மேல் சுமத்துவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பட்டம் ஒருமுறை கோப்பில் ஏறினால் இறங்கவும் இறங்காது. மைக்கறை டெஸ்ட், படம் வரையும் டெஸ்ட் எல்லாம் இந்தக் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாதவை.

சட்டம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். கொலை வழக்கு ஆயுள் கைதிக்கு 14 ஆண்டு முடியாமல் முன்விடுதலை இல்லை என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவு. அதற்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 475. அதன் பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்பதை லக்‌ஷ்மண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் சொன்னது: குற்றம் சமூகத்தையே பாதிக்காத தனிப்பட்ட செயலா, மீண்டும் செய்ய வாய்ப்பு உண்டா, குற்றம் செய்யும் ஆற்றலை இழந்துவிட்டாரா, தொடர்ந்து வைத்திருப்பதில் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. ‘வாய்ப்பு உண்டா’ என்றுதான் கேட்கிறார்கள். ‘திருந்திவிட்டார் என்று உறுதி கொடு’ என்று யாரும் கேட்கவில்லை. மரண தண்டனை வழக்குகளுக்கென்று வந்ததானாலும் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். உளவியல் அறிக்கை, குடும்பப் பின்னணி, சிறையில் நடத்தை, செய்த வேலை, படிப்பு என்று ஒரு மனிதரைப் பற்றி எதையெல்லாம் திரட்ட வேண்டும் என்று அதில் விரிவாக இருக்கிறது.

கனடா உளவியலாளர்கள் ஆண்ட்ரூஸ், போண்டா முதலியோர் 1990-இல் முன்வைத்த அணுகுமுறை இங்கே உதவும். மனச்சோர்வும் தன்னம்பிக்கைக் குறைவும் துன்பங்கள், அவற்றுக்குச் சிகிச்சை வேண்டும். ஆனால் மறுகுற்றத்தோடு நெருங்கிய தொடர்புள்ளவை பெரும்பாலும் வேறு: குற்றத்தை நியாயப்படுத்தும் எண்ணம், சேர்க்கை, குடி, வேலையின்மை, குடும்ப உறவின் முறிவு. அதனால் ஹிஸ்டரி டிக்கெட்டை, அதாவது அவருடைய சிறைப் பதிவேட்டை, எடுங்கள். ‘நடத்தை: நன்று’ என்ற ரப்பர் ஸ்டாம்பைத் தாண்டி, 16 ஆண்டில் தண்டனைப் பதிவுகள் எந்த ஆண்டுகளில் வந்திருக்கின்றன என்று பாருங்கள். முதல் நான்கு ஆண்டில் மூன்று சண்டை, பிறகு ஒன்றுமில்லை என்பதும், சென்ற வருடம் ஒரு சண்டை என்பதும் ஒன்றல்ல. மனு போட்டு அவரைச் சந்திக்க வருகிறவர்கள் யார், எப்போது நின்றார்கள்? கொலை நடந்த அன்று குடித்திருந்தாரா? தீர்ப்பின் நகலில் இருக்கும், படியுங்கள். கைதிக்கு ஆலோசனை வழங்குகிறவர்களில் அவருடைய தீர்ப்பைப் படித்தவர்கள் எவ்வளவு குறைவு என்பது எனக்குத் தீராத எரிச்சல்.

சான்றிதழ்களைப் பார்த்து மயங்காதீர்கள். யோகா, தியானம், கோப மேலாண்மை என்று அவர் பத்து வைத்திருக்கலாம். நேரம் நல்லபடியாகக் கழிந்தது என்பதற்கு அவை சாட்சி. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்காகப் பல ஆண்டுகள் நடத்திய மையப் பயிற்சித் திட்டத்தை 2017-இல் மதிப்பிட்டபோது, பயிற்சி பெற்றவர்களில் 10 சதவீதமும் பெறாத ஒப்பீட்டுக் குழுவில் 8 சதவீதமும் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு நன்றாக நடந்த வகுப்புதான் அதுவும்.

இனி, நீங்களே எழுத நேர்ந்தால். வாராந்திரப் பேச்சிலிருந்து தனியாக ஒரு சந்திப்பு வையுங்கள். ஆரம்பத்திலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்: “இன்றைக்கு நீங்கள் சொல்வது அறிக்கையில் போகலாம். சொல்ல விருப்பமில்லாததைச் சொல்ல வேண்டாம். இதற்கு முன் பேசியதை நான் எடுத்து எழுதமாட்டேன்.” இப்படிச் சொன்னீர்கள் என்பதையும் அவருக்கு ஆலோசகராக இருந்தவர் நீங்கள் என்பதையும் அறிக்கையின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். படிக்கிறவர் அதற்கேற்ப எடை போட்டுக்கொள்வார்.

முடிவுப் பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: ‘இவர் செய்த குற்றம் குறிப்பிட்ட ஒரு நிலத் தகராறு தொடர்பானது. கோப்பில் வேறு வன்முறை இல்லை. கடைசித் தண்டனைப் பதிவுக்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் கடந்துள்ளன. இத்தனை முறை விடுப்பில் சென்று குறித்த நாளில் திரும்பியுள்ளார். பொதுவான வன்முறைக்கான அறிகுறிகள் குறைவு. அந்த நிலம் தொடர்பான தகராறு தீராமல் அதே ஊரில், குறிப்பாகக் குடிப்பழக்கத்துடன் வாழ நேர்ந்தால் அபாயம் கூடும். தகராறு சட்டப்படி தீர்க்கப்பட்டு, வேலையும் தங்குமிடமும் உறுதியானால் குறையும்.’ விவரங்களை உங்கள் கோப்பு சொல்லும், நான் சொல்ல முடியாது. கவனித்தீர்களா, அவர் உங்களிடம் ரகசியமாகச் சொன்ன வார்த்தை இதில் ஒன்றுகூட இல்லை. அந்த வார்த்தை எதைப் பற்றியதோ, அந்த நிலம் மட்டும் இருக்கிறது. அது தீர்ப்பிலேயே இருக்கிற விஷயம். எழுதினால் துரோகம், எழுதாவிட்டால் ஆபத்து என்று நீங்கள் நினைத்த முடிச்சு பெரும்பாலும் இங்கேயே அவிழ்ந்துவிடும்.

கண்காணிப்பாளர் இதைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, சுற்றிவளைத்து எழுதியிருக்கிறீர்கள்” என்பார். முடிவெடுப்பது அரசு, நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் காவல்துறையின் அறிக்கையும் தனியாகப் போகின்றன, இது அவற்றோடு வைத்துப் படிப்பதற்கு என்று சொல்லுங்கள். கையெழுத்தின் கீழ் ‘ஆலோசகர்’ என்று மட்டும் போடுங்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு இல்லாமல் ‘மருத்துவ உளவியலாளர்’ என்று போட்டுவிடாதீர்கள், யார் போடச் சொன்னாலும் சரி. நோய்ப் பெயர் எதையும் எழுதாதீர்கள். ஏதேனும் நோய் இருப்பதாகப் பட்டால் சிறை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அறிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். அவருடைய அபாயத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த நிலம் என்றால், அதைப் பற்றி இப்போதே செய்யக்கூடியது உண்டு. அந்த இடத்தின் பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது, உரிமையியல் வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று அடுத்த சந்திப்பில் கேளுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர்கள் உங்கள் சிறைக்கு வந்துபோவார்கள். அவர் சம்மதித்தால் அவர்களிடம் இதை ஒப்படையுங்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். விடுதலை உத்தரவு வருவதற்கு எப்படியும் மாதங்கள் ஆகும், அந்த அவகாசம் இதற்குப் போதும்.